ஒன்பது பேர் உள்ள வீடுகள்

பிப்ரவரி 10

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். அம்மாவும் சுகம், முழங்காலைத் தவிர. மாப்பிள்ளைக்கு வேறு வேலை ஏதாவது தகைந்ததா? உன் வாலு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

இதை வெற்றுப் படிவக் கட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஆபீஸ் வேன் உங்கள் பகுதி அலுவலகத்துக்கு வந்து, எழுதி முடித்த படிவங்களை எடுத்து வரும். நீயும் கட்டுக்குள்ளேயே கடிதத்தைச் சொருகிவிடு. அங்கே இருக்கிற ஒரே போன் மேற்பார்வையாளர் மேஜையில் இருக்கிறதாம். நாம் பேசுவதை அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டாம்.

இப்போது வேலை விஷயம். உன்னை இந்த சர்வேயில் சேர்க்கச் சொல்லி இயக்குநரிடம் கேட்டது நான். பதினோரு வருடமாக இங்கே தற்காலிகமாகவே குப்பை கொட்டுகிறேன். இந்த சர்வே பிழையில்லாமல் முடிந்தால் நிரந்தரம் என்று வாயால் சொல்லியிருக்கிறார். உனக்கும் அப்படித்தான். யாருடைய படிவம் சுத்தமாக இருக்கிறதோ அவர்களை அடுத்த ஒரு வருட சர்வேக்கு எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளையின் கடை மூடிய பிறகு உன் சம்பளம்தான் வீட்டை ஓட்டுகிறது என்பதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

நான்கு நாளாகக் கம்ப்யூட்டரில் வேரியபிள் அமைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்கப்போகும் நாற்பத்திரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பெயர் வைக்க வேண்டும். எட்டு எழுத்துக்கு மேல் போனால் அந்த மென்பொருள் ஏற்காது. ‘வீட்டில் உள்ளவர்கள்’ என்று மரியாதையாகக் கொடுத்தால் துப்பிவிடுகிறது. பிறகு எண்ணா எழுத்தா, எத்தனை இலக்கம், 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை, பதிலே இல்லையென்றால் 9. இந்தப் ‘பதில் இல்லை’ 9-ஐ ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்துத் தனித்தனியே கொடு என்கிறது கையேடு. நாற்பத்திரண்டு தடவை யார் அடிப்பது? முதல் கட்டத்தில் அடித்து, நகலெடுத்து, கடைசி வரி வரைக்கும் ஒரே இழுப்பில் ஒட்டிவிட்டேன். அரை நாள் வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. பக்கத்து மேஜைக்காரர் வாயைப் பிளந்தார்.

நீ செய்ய வேண்டியது சின்ன வேலை. கட்டத்துக்குள் எண் மட்டும் எழுது. ஓரத்தில் கதை எழுதாதே. பதில் வராவிட்டால் கட்டத்தைக் காலியாக விடு, இங்கே அதற்கு 9 போட்டுக்கொள்வோம். உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற பழக்கம். என் மானத்தைக் காப்பாற்று.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

அக்கா

*

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

உன் கடிதமும் கட்டும் வந்தன. நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். அவருக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. வாலு பள்ளிக்கூடம் போகிறாள், போகிற வழியில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு முன்னாலேயே சர்வே எடுத்துவிடுகிறாள். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை அவளையும் திட்டிக்கொண்டே இருக்கிறாயா?

எனக்கு விழுந்திருப்பது தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள மாடி வைத்த வரிசை வீடுகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். வீட்டுக்கு இரண்டு அறை, வரிசைக்கு ஒரு குழாய். சராசரி ஆறு பேருக்கு மேல் வந்தால் வரிசைக்கு இரண்டாவது குழாய் போடுவார்களாமே? அதைக் கேட்டதிலிருந்து எல்லோரும் ஆர்வமாகப் பதில் சொல்கிறார்கள். கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்கள்.

ஆனால் நான்காம் கேள்வியில் ஒரு வேடிக்கை. ‘இந்த வீட்டில் எத்தனை பேர்?’ எந்தக் கதவைத் தட்டினாலும் ஒன்பது, ஒன்பது, ஒன்பது. முதலில் எனக்கே சந்தேகமாக இருந்தது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீட்டுச் சொந்தக்காரன் ஒன்பது பேர் வரைக்கும் ஒரு வாடகை வைத்திருக்கிறான். பத்தாவது ஆள் வந்தால் கூடுதல் வாடகை. அதனால் ஒன்பது நிரம்பும் வரைக்கும் சித்தப்பா, மச்சினன், ஊரிலிருந்து வந்தவன் என்று சேர்த்துக்கொள்கிறார்கள், ஒன்பதோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

ஒரு வீட்டில் ஓர் அம்மாள் கேட்டாள், “நைட் ஷிஃப்டுக்காரன் பகல்ல தூங்குறான். பகல் ஷிஃப்டுக்காரன் ராத்திரி அதே பாய்ல தூங்குறான். இவங்களை ஒண்ணுன்னு எழுதுவியா, ரெண்டுன்னு எழுதுவியா?” நான் இரண்டு என்று எழுதினேன். ஓரத்தில் கதை எழுதவில்லை, கதை எல்லாம் உனக்குத்தான்.

நூற்று நாற்பது படிவமும் இந்தக் கட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். உன் மானம் பத்திரம்.

உன் கண்ணுக்கு ஓய்வு கொடு. திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே.

தங்கை

*

மார்ச் 15

தங்கைக்கு,

அம்மா சுகம். நான் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீ.

நூற்று நாற்பது படிவத்தையும் என்ட்ரிப் பெண் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும், நேற்று கணக்கு எடுத்தேன். நான்காம் கேள்வி: பதில் உள்ளவை எண்பத்திரண்டு. பதில் இல்லாதவை ஐம்பத்தெட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எடுத்தேன். அதே ஐம்பத்தெட்டு.

கூரை ஓடா தகரமா என்று கேட்டிருக்கிறாய். அடுப்பு எந்த வகை, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, எல்லாம் கேட்டிருக்கிறாய். வீட்டில் எத்தனை தலை என்று எண்ண மட்டும் மறந்துவிட்டாயா? மற்ற பகுதிகளில் இரண்டு, மூன்று, மிஞ்சிப்போனால் நாலு விடுபட்டிருக்கும். அது சகஜம், யாரும் கேட்கமாட்டார்கள். ஐம்பத்தெட்டுக்கு நான் யாருக்கு என்ன பதில் சொல்வது? இரண்டு தடவை சரிபார்த்தேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். எதைச் சரிபார்த்தாய், பேனாவில் மை இருக்கிறதா என்றா?

படிவத்தையே எடுத்துப் பார்க்கலாமென்றால், ஏற்றி முடித்த கட்டெல்லாம் கீழே கிடங்கில் ஆறு பகுதி மூட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. பார்க்கவும் தேவையில்லை. கம்ப்யூட்டருக்கு உன்மேல் என்ன பகை, பொய் சொல்வதற்கு?

ஐம்பத்தெட்டுப் படிவ எண்ணும் பட்டியலாக இதோடு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போ. கேள். திருத்தச் சீட்டில் எழுதி அனுப்பு. அடுத்த வேனில் வந்தாக வேண்டும். இயக்குநர் காதுக்குப் போவதற்குள் முடித்துவிடுகிறேன்.

அம்மா ஏதோ எழுதச் சொன்னாள். இப்போது இருக்கிற கோபத்தில் மறந்துவிட்டது.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

அம்மா எழுதச் சொன்னது என்ன என்று அடுத்த கடிதத்திலாவது எழுது. நாங்கள் சுகம். எனக்குக் கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படும்படி இல்லை.

எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் சொன்னால் சரியாக இருக்கும். நீ சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். நம் வீட்டில் நீ தப்பு செய்து யார் பார்த்திருக்கிறோம்? பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். “போன மாசம்தானே சொன்னோம்? அதுக்குள்ள குட்டியா போட்டுட்டோம்?” என்றாள் ஒருத்தி. அடுத்த வரிசையில் வேறு மாதிரிப் பேச்சு. இரண்டாம் தடவை ஆள் எண்ண வருகிறாள் என்றால் வீட்டுச் சொந்தக்காரன்தான் அனுப்பியிருக்கிறான், பத்தாவது ஆளைப் பிடித்து வாடகை ஏற்றப் பார்க்கிறான் என்று கிளப்பிவிட்டார்கள். நான் வருவதைப் பார்த்ததும் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. ஒருவர் மாடிப்படியில் நின்று, “இந்தம்மா காசு வாங்கிட்டு எண்ணுது” என்று கத்தினார். அந்தப் படியில்தான் இறங்கும்போது கால் பிசகிற்று.

பதினோரு நாளில் முடித்துவிட்டேன். எல்லா வீட்டிலும் பழைய பதிலைத்தான் சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. ஐம்பத்தெட்டுச் சீட்டும் இதில் இருக்கின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று என் நோட்டிலும் குறித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து நீயே வாங்கி, நீயே பார்த்து ஏற்று. இன்னொரு தடவை அந்தப் படிகளில் என்னால் ஏற முடியாது. ஏறினாலும் அவர்கள் விடமாட்டார்கள்.

வாலுவின் அப்பா என் கால்வலிக்குத் தைலம் வாங்கி வந்திருக்கிறார். நீ கண்ணைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

ஏப்ரல் 16

தங்கைக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மா அன்றைக்கு எழுதச் சொன்னது, உன் நீலச் சேலை இங்கே அலமாரியில் இருக்கிறது என்று. போதுமா?

சீட்டு வந்தது. என்ட்ரிப் பெண் உட்கார்ந்து அடித்தாள். கணக்கு எடுத்தேன். பதில் இல்லாதவை ஐம்பத்தெட்டு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அச்சு அசலாக அதே ஐம்பத்தெட்டு.

அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். சீட்டில் இருந்ததை அப்படியே அடித்தேன் என்கிறாள். அந்தப் பெண் ஏழு வருடமாக ஒரு பிழை விடாமல் அடிக்கிறவள். அப்படியானால் சீட்டில் என்ன எழுதி அனுப்பினாய்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். படி உயரம், கதவு சாத்துகிறார்கள், கால் வீங்கிற்று என்று இரண்டு பக்கம் எழுதத் தெரிகிறது. கட்டத்துக்குள் ஓர் எண் எழுதத் தெரியவில்லை.

இயக்குநருக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, “எந்த ஏரியாம்மா இது?” என்றார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை, பகுதியைத்தான் சொன்னேன். அந்தப் பகுதிக்கு நீ ஒருத்திதான் என்பது அவருக்கே தெரியும். என் முன்னாலேயே உங்கள் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். பதினோரு வருடம் நான் கட்டிய கோட்டை, நீ வந்து மூன்று மாதத்தில் ஆட்டம் காண்கிறது.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். உண்மையைச் சொல். அந்த வீடுகளுக்கு நீ போனாயா?

அக்கா

*

மே 3

அக்காவுக்கு,

போனேன்.

இதைத் தபாலில் அனுப்புகிறேன். இனிமேல் எனக்குக் கட்டும் இல்லை, வேனும் இல்லை.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். பக்கத்துப் பகுதிகளில் சர்வே எடுக்கிற மற்ற ஐந்து பேரும் இருக்கும்போதே மேஜையைத் தட்டிக் கேட்டார், “வீட்டுல உக்காந்து ரொப்பின படிவம் தானம்மா இது? தலைமை ஆபீஸ்ல உங்க அக்காவே சந்தேகப்படுறாங்களாமே?” அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே ‘நம்பகமற்றவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

வாலுவின் அப்பா விடிந்ததும் வேலை தேடிப் போய்விடுகிறார். குழாயடியில் பெண்கள் பேசுவதை நிறுத்திவிட்டு நான் குடம் நிரப்புவதைப் பார்க்கிறார்கள். வாலு வந்து, “அம்மா, நீ பொய்க் கணக்கு எழுதினியா?” என்று கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம்.

நீயே கேட்டுவிட்டாய், மேற்பார்வையாளர் கேட்டதில் என்ன ஆச்சரியம்? எனக்கு அதுதான் ஆறவில்லை. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். கிடங்குக்குப் போ. ஆறு பகுதி மூட்டை என்ன, அறுபது மூட்டை கிடந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த ஐம்பத்தெட்டுப் படிவத்தையும் உன் கண்ணால் பார். நான்காம் கட்டம் காலியாக இருந்தால் எனக்கு எழுது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

தங்கை

*

மே 29

கண்ணான தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் அம்மா? உன் கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வற்றிவிட்டதா? மாப்பிள்ளை நலமா? வாலு நலமா? உங்கள் பக்கம் வெயில் எப்படி? இங்கே நானும் அம்மாவும் மிகவும் சுகம்.

பதில் எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, ஆபீஸில் மூச்சு விட நேரமில்லை. நான்காம் கேள்விப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, உனக்கு விளக்கினால் புரியாது. ரிப்போர்ட் நல்லபடியாக முடிந்து அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் வரிசை வீடுகளுக்குச் சராசரி கிட்டத்தட்ட ஏழு வந்திருக்கிறது, இரண்டாவது குழாய் நிச்சயம். எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கு நிரந்தர உத்தரவு கைக்கு வந்துவிட்டது. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

நீ நடந்ததை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. அந்த மேற்பார்வையாளர் ஒரு முன்கோபி. இது இல்லாவிட்டால் வேறு வேலை, உன் சுறுசுறுப்புக்குக் கிடைக்காதா? உனக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கித் தனியாகப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது. காலைத் தாங்கித் தாங்கி நடக்காதே. கால் எப்படி இருக்கிறது என்று கட்டாயம் எழுது.

உன் அன்பு அக்கா

*

ஜூன் 8

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். ஒரு திட்டுக்கூட இல்லை. நீ என்னை ‘அம்மா’ போட்டு அழைத்தது இந்தப் பிறவியில் இதுதான் முதல் தடவை. காலைப் பற்றி மூன்று தடவை கேட்டிருக்கிறாய். கிடங்குக்குப் போய்ப் பார் என்று நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை.

செருப்பு சரியாக இருக்கிறது. கால் சரியாகிவிட்டது.

வேலை இல்லாததால் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. உன் பட்டியலையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பட்டியலில் உள்ள ஐம்பத்தெட்டு வீட்டிலும் ஒன்பது பேர். ஐம்பத்தெட்டிலும். சுற்றி வரும்போது எனக்கு இது உறைக்கவில்லை. அந்த வரிசைகளில் ஒன்பது கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. இப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். எட்டுப் பேர் வீடு ஒன்றுகூட உன் பட்டியலில் இல்லை. பத்துப் பேர் வீடு இரண்டு இருந்தன, பயப்படாமல் பத்து என்று சொன்ன வீடுகள், அவையும் இல்லை. ஒன்பது பேர் வீடு ஒன்றுகூட உன் பட்டியலிலிருந்து தப்பவும் இல்லை.

பிறகு உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்தேன். பதில் இல்லையென்றால் 9, அதை ஒரே இழுப்பில் கடைசி வரி வரைக்கும் ஒட்டினேன் என்று எழுதியிருக்கிறாய்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இருந்தாலும் கேட்கிறேன். அது ஒன்பது பேர் என்பதைப் பதில் இல்லை என்று எடுத்துக்கொண்டதா, அக்கா? அந்தத் தொழில்நுட்பக் கோளாறு இதுதானா? சரி செய்ய உனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

தங்கை

*

ஜூன் 27

அக்காவுக்கு,

தபால்காரர் மூன்று வாரமாக எங்கள் கதவைத் தாண்டித்தான் போகிறார்.

போன வாரம் வேறொரு சர்வே அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். முன்பு வேலை செய்த இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, போனில் பேசிய அம்மாளின் முகம் மாறியது. “இல்லீங்க, இடம் நிரம்பிடுச்சு” என்றாள். அந்தப் பதிவேட்டில் அந்த ஒரு சொல் இருக்கும் வரைக்கும் எனக்கு எங்கேயும் இடம் நிரம்பித்தான் இருக்கும்.

நான் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

தங்கை

*

ஜூலை 6

தங்கைக்கு,

அம்மா சுகம். நான் இருக்கிறேன்.

ஆமாம். நீ எழுதியது அப்படியே சரி.

உன் மே மாதக் கடிதம் வந்த மறுநாள் கிடங்குக்குப் போனேன். பதினொன்றாம் தேதி. மூட்டைகளை இறக்கி, உன் கட்டைப் பிரித்து, பட்டியல்படி எடுத்தேன். முதல் படிவம், நான்காம் கட்டம், 9. அடுத்தது, 9. உன் கையெழுத்து, வால் நீண்ட ஒன்பது. ஐம்பத்தெட்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். மேலே வந்து வேரியபிள் பக்கத்தைத் திறந்தேன். ஆம், இல்லை கேள்விக்கெல்லாம் போட்ட ‘பதில் இல்லை’ 9, நான்காம் வரியிலும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அந்த மென்பொருளை எழுதியவனைச் சொல்ல வேண்டும். எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைத்தால் மட்டும் ஆயிரம் கேள்வி கேட்கிறான். ஒன்பது பேர் உள்ள வீடும் உலகத்தில் இருக்குமே என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. என்ட்ரிப் பெண்ணாவது சொல்லியிருக்கலாம். ஒன்பது இருந்த இடத்தில் உன் சீட்டைப் பார்த்து மறுபடி ஒன்பது அடித்திருக்கிறாள். அவள் எண்களைப் படிப்பதில்லை, அடிக்கிறாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டாய். அந்த வரியிலிருந்து 9-ஐ அழித்தேன். கணக்கு எடுத்தேன். பதில் இல்லாதவை, பூஜ்யம். மூச்சு இழுத்து விடுகிற நேரம்கூட ஆகவில்லை. உன் பிப்ரவரிக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். எந்தக் கதவைத் தட்டினாலும் ஒன்பது என்று அப்போதே எழுதியிருக்கிறாய். நான் அதைப் படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, மூன்றாம் தேதி, இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர், “ரிப்போர்ட்தான் சரியா வந்துடுச்சே, இப்ப எதுக்கும்மா இதைக் கிளறுறீங்க?” என்றார். என் தங்கைக்குப் பெயர் போயிருக்கிறது சார் என்றேன். அப்படியானால் நிரந்தர உத்தரவை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். யோசியுங்கள் என்று சொல்லி, நடந்ததை எழுத்திலேயே கொடுத்துவிட்டு வந்தேன். உத்தரவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அம்மா தெருவில் சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியவில்லை, தலைவலியாக இருக்கிறது.

பதினைந்தாம் தேதி லீவு போட்டிருக்கிறேன். பஸ் ஏறி வருகிறேன். உங்கள் பகுதி அலுவலகத்தில், அந்த ஐந்து பேரும் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல். மேற்பார்வையாளரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

*

ஜூலை 24

அக்காவுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? அம்மாவின் முழங்கால் தேவலையா?

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதிவேட்டில் அந்தச் சொல்லை அடித்து, ‘தவறுதலாக எழுதப்பட்டது’ என்று மேற்பார்வையாளரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஒரு வருட சர்வேக்கும் என் பெயர் இருக்கிறது. வாலுவின் அப்பா அதைக் கேட்டுவிட்டு வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வாலு தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு நீ பேசியதை அந்த அலுவலகம் மறக்காது. சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் கட்டம் போட்டு, “இங்க ஒட்டினேன், இது வரைக்கும் இழுத்தேன், இதுல இவங்க தப்பு எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்” என்று நீ நின்ற நிலையில், தப்பு செய்தது தாங்கள்தான் என்று நினைத்து இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கீழே டீக்கடைக்காரரிடம் சொன்னாய். வரிசை வீட்டில் என்னைக் குட்டி போட்டோமா என்று கேட்டவளைத் தேடிப் போய்ச் சொன்னாய். குழாயடியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிறைந்தது என்று எழுதத் தெரியவில்லை.

பிறகு பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நாம் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பஸ் தாமதம் என்று திட்டினாய். இயக்குநரைத் திட்டினாய். மென்பொருள் எழுதியவனை மறுபடி திட்டினாய். தைலத்தை மேலிருந்து கீழாகத் தடவு, கீழிருந்து மேலாகத் தடவாதே என்றாய். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய்.

எல்லோரிடமும் சொன்னாய் அக்கா, என்னிடம் மட்டும் சொல்லவில்லை. நீ வேலையைப் பணயம் வைத்ததற்கு மேல் இவள் என்ன கேட்கிறாள் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கு அது வேண்டும். அந்த வீடுகளுக்கு நீ போனாயா என்று என்னைக் கேட்டது மேற்பார்வையாளர் இல்லை, நீ. அந்த வரி என் நெஞ்சில் இன்னும் அப்படியே இருக்கிறது.

பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

தங்கை

*

ஜூலை 31

தங்கைக்கு,

அந்த வீடுகளுக்கு நீ போனாய். இரண்டு தடவை போனாய். முதல் தடவை வேலைக்காகப் போனாய், இரண்டாம் தடவை என் தப்புக்காகப் போனாய்.

உன்னைப் பொய்க்காரி என்று முதலில் நினைத்தவள் நான்தான். தெரிந்த பிறகும் ஐம்பத்து மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நிரந்தரம் போய்விடும் என்ற பயம் பாதி. நான் தப்பு செய்தேன் என்று உன் எதிரில் சொல்ல வேண்டுமே என்பது பாதிக்கு மேல். அதனால்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன். பஸ் நிலையத்தில் உன் முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை.

என்னை மன்னித்துவிடு. இதை அம்மா சொல்லி நான் எழுதவில்லை.

அக்கா